அப்பாவை முறையாக நினைவுகூர: இறப்புப் பதிவு முதல் ஆண்டுத் திருப்பலி வரை, திருகோணமலைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் அப்பா காலமான பின், அவரை நினைவுகூரும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் பின்னால் ஒரு படிவமோ, ஒரு முன்பதிவோ, ஒரு விலைப்பேச்சோ இருப்பதைத் தட்டுத்தடுமாறித்தான் அறிந்துகொண்டோம். அம்மாவுக்குக் கணவராக, எங்களுக்குத் தந்தையாக, பேரப்பிள்ளைகளுக்கு அப்பப்பாவாகவும் அம்மப்பாவாகவும் இருந்து, பூசைக்குத் தவறாத ஒருவரின் நினைவு அவசரத்தில் பிழையாக அச்சாகிவிடக் கூடாது. அடுத்து இந்த நிலைக்கு வரும் குடும்பங்களின் சிரமம் குறையட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கத்தோலிக்க வழக்கத்தை ஒட்டியே எழுதுகிறேன். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபையினருக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

1. முதலில் ஒரு பெயர்த்தாளை எழுதுங்கள்

தொலைபேசி அழைப்புகள் குவியத் தொடங்குமுன், வீட்டில் ஓரளவு நிதானமாக இருக்கும் ஒருவர், பெரும்பாலும் ஒரு மருமகனோ மருமகளோ, ஒரு முழுத்தாளை எடுத்துக்கொண்டு அமர வேண்டும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்கு அத்தாட்சிப் பத்திரம், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஓய்வூதிய அட்டை ஆகியவற்றில் அவருடைய பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வாறே தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் பிரதி செய்யுங்கள். பிறந்த திகதி, திருமணத் திகதி, பெற்றோரின் பெயர், மனைவியின் பெற்றோரின் பெயர், வயது வரிசைப்படி பிள்ளைகள், அவர்களின் துணைவர்கள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள் என எல்லாம் அதில் வர வேண்டும். சகோதரர்களுள் யார் காலஞ்சென்றவர் என்பதையும் குறித்து வையுங்கள்; உயிருடன் இருக்கும் ஒரு பெரியப்பாவைப் பத்திரிகையில் ‘காலஞ்சென்ற’ ஆக்கிவிட்ட குடும்பங்கள் நம் ஊரில் உண்டு.

நம்மவர்களுக்குப் பெயர்ச் சிக்கல் பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது. திருமுழுக்கில் ஒரு புனிதரின் பெயர், பிறப்புப் பதிவில் அதன் வேறொரு வடிவம், அடையாள அட்டையில் முதலெழுத்து இடம்மாறிய இன்னொன்று, ஊரெல்லாம் அறிந்தது வீட்டுப் பெயர். சூசைப்பிள்ளை யோசேப்பாகவும், அந்தோனிப்பிள்ளை அன்ரனியாகவும் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கலாம். அரச அலுவலகத்துக்கு அடையாள அட்டைப் பெயர், கோவிலுக்குத் திருமுழுக்குப் பெயர், மக்களுக்கு அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பெயர் என்று முதல் நாளிலேயே தீர்மானித்துவிடுங்கள். தாளைக் கைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் உட்பட அனைவருக்கும் அனுப்பி ஒப்புதல் பெற்ற பின், திருத்தும் உரிமையை ஒருவரிடம் மட்டும் விடுங்கள்.

2. இறப்பைப் பதிவு செய்தல்

இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்துக்குரிய பிரிவிலேயே பதிவு நடைபெறும். உவர்மலையில் வசித்தவர் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள வைத்தியசாலையில் இறந்தால், அங்குள்ள பதிவாளரிடமே பதிய வேண்டும். இதை அறியாமல் உடலுடன் ஊர் திரும்பியவர்கள் சடங்கு முடிந்ததும் மீண்டும் அந்த நீண்ட பயணத்தை மேற்கொள்ள நேரிடுகிறது. உறவினர் ஒருவர் அங்கேயே தங்கி அலுவலை முடித்துவிட்டு வருவது நல்லது.

வைத்தியசாலையில் இறந்திருந்தால், மரணத்தின் காரணத்தைக் குறித்து வைத்தியர் தரும் சான்றிதழே அடிப்படை ஆவணம். வீட்டில் இறந்திருந்தால், 5 நாட்களுக்குள் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து அவருடைய அறிக்கையைப் பெற்று, அதனுடன் உங்கள் பிரிவின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் செல்ல வேண்டும். அவர் கடைசியாகச் சிகிச்சை பெற்ற கிளினிக் புத்தகத்தையும் மருந்துச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். திடீர் மரணம், விபத்து, சந்தேகத்துக்கு இடமான மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை நடக்கும். பிரேத பரிசோதனையும் தேவைப்படலாம். அப்படியானால் உடல் கையளிக்கப்படும் வரை அடக்க நேரத்தை யாருக்கும் அறிவிக்காதீர்கள்.

உரிய காலத்தில் செய்யும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. மேலதிகப் பிரதிகளுக்கு மட்டுமே பணம் செலுத்த வேண்டும்; அவற்றைப் பின்னர் பிரதேச செயலகத்தில், நகரவாசிகளாயின் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில், விண்ணப்பித்துப் பெறலாம். ஓய்வூதியம், ஊழியர் சேமலாப நிதி, வங்கி, காப்புறுதி, காணி, வெளிநாட்டுப் பிள்ளைகளின் விடுமுறை என ஒவ்வோர் இடமும் தனித்தனிப் பிரதி கேட்கும் என்பதால், ஒரே தடவையில் பல பிரதிகளுக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் காட்ட வேண்டியிருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும், வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சியும் சில வேளைகளில் தேவைப்படும்.

அறிவிப்பவராகக் கையொப்பமிடும் முன், பதிவாளர் எழுதியதை வரிவரியாக, வாய்விட்டு வாசியுங்கள். பெயர், தந்தையின் பெயர், வயது, தொழில், இடம், திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவை பெயர்த்தாளுடன் பொருந்த வேண்டும். கையொப்பத்துக்குப் பின் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் சத்தியக்கூற்று, ஆதார ஆவணங்கள், மீண்டும் மீண்டும் அலைச்சல், அதற்கு மேல் காத்திருப்பு என்று நீண்டுவிடும். அதுவரை அம்மாவின் விதவை ஓய்வூதியமும் தடைப்படக்கூடும்.

இறந்தவர் ஓய்வூதியம் பெற்றவராயின், இறப்பைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு உடனே அறிவியுங்கள். இறப்புக்குப் பின் அவருடைய கணக்கில் வரவான ஓய்வூதியத்தை எடுத்துவிட்டால், பின்னர் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டி வரும்.

3. பங்குத்தந்தையிடம் பேச வேண்டியவை

அடக்கத் திகதியையும் நேரத்தையும் உறவினருக்குச் சொல்லுமுன் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பேராலயப் பங்கானாலும் பாலையூற்றானாலும் குவாடலூப்பே ஆனாலும் ஒழுங்கு இதுவே. முதலில் மலர்ச்சாலைக்காரருடன் (இறுதிச் சடங்குகளை ஒழுங்கு செய்பவருடன்) நேரம் பேசிவிட்டு, கோவிலுக்கு அறிவித்தலாக மட்டும் சொல்லச் செல்பவர்களுக்கே சிக்கல் வருகிறது.

அடக்கத் திருப்பலி எல்லா நாட்களிலும் நடத்தக்கூடியது அன்று. கடன் திருநாட்கள் (பூசை காண்பது கடமையான பெருவிழாக்கள்), பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரையான நாட்கள், திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்காக்காலம் ஆகியவற்றின் ஞாயிறுகள் ஆகியவற்றில் அதற்கு அனுமதி இல்லை. அந்நாட்களில் இறைவாக்கு வழிபாடும் அடக்கச் சடங்கும் நடத்தி, அவருக்கான திருப்பலியை வேறொரு நாளில் ஒப்புக்கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்காக ஞாயிறு வரை உடலை வைத்திருக்கத் திட்டமிடுவோர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டே மலர்ச்சாலையுடன் பேச வேண்டும். எம்பாம் செய்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் ஏறும்.

நினைவுரை எங்கே, எவ்வளவு நேரம் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். மறையுரை இறந்தவரைப் புகழும் இடம் அன்று என்பது திருச்சபையின் ஒழுங்கு. குடும்பத்தவரின் சுருக்கமான உரைக்கு நன்மைக்கு (நற்கருணை வழங்கலுக்கு)ப் பின்னான மன்றாட்டு முடிந்ததும் இடம் தருவார்கள். ஒருவர் மட்டும், எழுதி வாசிப்பதே சிறந்தது. சங்கங்கள், பழைய மாணவர்கள், அரசியல்வாதிகள் ஆகியோரின் உரைகளை வீட்டிலேயே, பெட்டி மூடுமுன் முடித்துவிடுங்கள்.

தகனம் செய்வதைத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலை வீட்டில் வைப்பதையும் கடலில் கரைப்பதையும் 2016 இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல் ஏற்கவில்லை. சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) போன்ற புனித இடத்திலேயே வைக்க வேண்டும். ஊரில் பிறர் கரைப்பதைப் பார்த்து உறவினர் ஒருவர் இந்த யோசனையைச் சொல்லக்கூடும். அதை அம்மாவின் காதில் விழுமுன் நீங்களே தீர்த்து வையுங்கள்.

குடும்பக் கல்லறையில் அடக்குவதாயின், அதன் பத்திரத்தையோ பற்றுச்சீட்டையோ தேடி எடுத்து, கடைசியாக அதில் யார், எப்போது அடக்கப்பட்டார் என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். குழி வெட்டுவோரின் கூலி, சேமக்காலைக் கட்டணம், கோவில் காணிக்கை, பாடகர் குழுவுக்கான அன்பளிப்பு ஆகியவை நான்கும் தனித்தனிச் செலவுகள். எது யாரிடம் கொடுக்கப்பட வேண்டும் என்பதைப் பங்கு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. மரண அறிவித்தல்

பத்திரிகை அறிவித்தலின் விலை அதன் அளவையும் நிறத்தையும் நாளையும் பொறுத்தது. அடக்கத்துக்கு முன் வெளியாக வேண்டிய அறிவித்தல் சிறிதாக, கறுப்பு வெள்ளையில் இருந்தாலே போதும். பெரிய நிற விளம்பரத்துக்கான பணத்தை 31ஆம் நாள் நினைவுக்கு ஒதுக்குங்கள். இலங்கை வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டுத்தான் மூதூரிலும் நிலாவெளியிலும் உள்ள வயதான உறவினர் சிலர் இன்றும் செய்தி அறிகிறார்கள். அதற்குத் தரும் வாசகம் மிகச் சுருக்கமாக இருக்கட்டும். இறப்பை உறுதிப்படுத்தும் ஆவணத்தின் படத்தைக் கைபேசியில் தயாராக வைத்திருங்கள். இணையத்தில் வெளியிடும் தளங்கள் பல, வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் அந்நாட்டு நாணயத்தில் அறவிடுகின்றன. இரு பிள்ளைகள் தனித்தனியாகப் பணம் செலுத்தி இரு வேறு அறிவித்தல்கள் வெளிவருவது அடிக்கடி நடப்பதால், அந்தப் பொறுப்பையும் ஒருவருக்கே கொடுங்கள்.

வழக்கமான வாசகம் பின்வருமாறு:

திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் ……… ஐ வசிப்பிடமாகவும் கொண்ட ……… அவர்கள் ……… அன்று இறைபதம் அடைந்தார். அன்னார், காலஞ்சென்ற ……… தம்பதியரின் அன்பு மகனும், காலஞ்சென்ற ……… தம்பதியரின் அன்பு மருமகனும், ……… இன் அன்புக் கணவரும், ……… ஆகியோரின் பாசமிகு தந்தையும், ……… ஆகியோரின் அன்பு மாமனாரும், ……… ஆகியோரின் ஆசை அப்பப்பாவும், ……… ஆகியோரின் ஆசை அம்மப்பாவும் ஆவார். அன்னாரின் இறுதி ஆராதனை ……… ஆலயத்தில் நடைபெற்று, பூதவுடல் ……… சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல்: குடும்பத்தினர்.

மெதடிஸ்த, அங்கிலிக்கன் குடும்பங்கள் ‘இறைபதம் அடைந்தார்’ என்ற இடத்தில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதுவர். தொடர்புக்கு இரண்டு இலக்கங்களுக்கு மேல் தராதீர்கள். அடக்க நேரத்தில் எந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்பதை அறிவித்தல் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது என்பதால், நம்பிக்கையான அயலவர் ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

5. 31ஆம் நாள்

இறந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு எண்ணுவது வழக்கம்: மார்ச் 5 இல் இறந்தவருக்கு ஏப்ரல் 4 இல் 31ஆம் நாள். மறுநாளிலிருந்து எண்ணத் தொடங்கி விமானச் சீட்டு வாங்கிவிட்ட உறவினர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே நாளைக் கிழமையுடன் எழுதி அனுப்புங்கள்.

அந்த நாள் ஞாயிறாக அமைந்தால் பங்குத்தந்தையிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஞாயிறுகளில் ஒரு திருப்பலியைப் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. ஏனைய திருப்பலிக் கருத்துகளுக்கும் பலர் முன்பே பெயர் கொடுத்திருப்பர். அடக்கம் முடிந்த வாரத்திலேயே 31ஆம் நாளையும் ஆண்டு நினைவையும் கோவில் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். காணிக்கை கொடுக்க இயலாத குடும்பத்துக்கும் திருப்பலி மறுக்கப்படக் கூடாது என்பதே திருச்சபையின் விருப்பம். பணமில்லாத காரணத்தால் தயங்கி நிற்க வேண்டாம். மெதடிஸ்த சபையில் இறந்தவருக்காக மன்றாடும் வழக்கம் இல்லாததால், அவருடைய வாழ்வுக்கு நன்றி செலுத்தும் ஆராதனையாக அதை ஒழுங்கு செய்வர். அழைப்பிதழில் அந்தப் பெயரையே இடுங்கள்.

அன்றைய செலவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும். தவக்கால வெள்ளியாக இருந்தால் இறைச்சி சமைக்க முடியாது என்பதைச் சமையற்காரரிடம் முற்பணம் கொடுக்குமுன்பே சொல்லுங்கள். என்னைக் கேட்டால், பந்தியைச் சுருக்கி, மிஞ்சும் தொகையைப் பங்கின் வின்சென்ட் டி போல் சபைக்கோ முதியோர் இல்லத்துக்கோ அவர் பெயரில் கொடுப்பது பொருத்தம் என்பேன். ஆனால் சாப்பிடாமல் அனுப்பினார்கள் என்ற பேச்சை அம்மா தாங்குவாரா என்பதை அவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

6. நினைவு மலர்

31ஆம் நாளில் கையளிக்க வேண்டிய மலருக்குக் கையில் கிடைப்பது நான்கு வாரம் மட்டுமே. அதில் கடைசி வாரம் அச்சகத்துக்குரியது. எழுத்து வேலை இரண்டு வாரத்தில் முடியாது என்று தோன்றினால், 31ஆம் நாளுக்குப் படமும் செபமும் கொண்ட ஓர் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, மலரை ஆண்டு நினைவுக்கு ஒத்திவைப்பதில் எந்தக் குறையும் இல்லை. அவசரத்தில் வந்த மலர்களைவிட ஆறுதலாக வந்தவையே படிக்கத் தக்கவையாக இருக்கின்றன.

வாழ்க்கைக் குறிப்பை எழுதுபவர் முதலில் அம்மாவிடம் அமர வேண்டும். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்தக் கோவிலில் திருமணம், முதல் வாடகை வீடு எது, அப்பா துறைமுகத்திலோ பிறீமா ஆலையிலோ பாடசாலையிலோ எப்போது வேலைக்குச் சேர்ந்தார், 1990 இல் குடும்பம் எங்கே இடம்பெயர்ந்தது, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக் காலையில் அப்பா எங்கே நின்றார் என்பவற்றை அம்மாவே திகதியோடு சொல்வார். ‘அன்பும் பண்பும் நிறைந்தவர்’ என்ற வரி எந்த மலரிலும் இருக்கும். எந்தப் பூசைக்குப் போவார், எந்த வாங்கில் இருப்பார், மரியாயின் சேனை என்ற பக்திச் சபையில் என்ன பொறுப்பு, தவக்காலத்தில் எதை விட்டுவிடுவார், யாருக்குச் சொல்லாமல் உதவினார் என்பவற்றை எழுதினால்தான் அவரைத் தெரியாத பேரப்பிள்ளைக்கும் அவர் தெரியவருவார். அவருடைய கோபத்தையும் ஓரிடத்தில் எழுதலாம். வாசிப்பவர்கள் அதை நம்புவார்கள்.

பேரப்பிள்ளைகளிடம் ‘அப்பப்பாவைப் பற்றி எழுது’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: கடைக்குக் கூட்டிப்போனால் என்ன வாங்கித் தருவார், எந்தச் செபத்தைச் சொல்லித் தந்தார், எதற்கு ஏசினார். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொன்னதைப் பெற்றோர் தமிழில் எழுதட்டும். பிள்ளையின் கையெழுத்தில் பெயரை மட்டும் படமாக இடலாம்.

இறைவார்த்தைகளை அவருடைய சபை வாசிக்கும் மொழிபெயர்ப்பிலிருந்தே எடுங்கள். கத்தோலிக்கரின் மலரில் பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு வருவதும் மறுதலையாக நடப்பதும், இணையத்திலிருந்து பிரதி செய்வதால் நேர்கிறது. திருப்பாடல் எண்களையும் சரிபார்க்க வேண்டும். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் நல்லாயன் பாடல் 22, இப்போதைய பதிப்புகளில் 23.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியவை பல. நடுவில் தைக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 18 பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனால் 2 வெற்றுப் பக்கங்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேரிடும். குறைந்த பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சும், நூற்றுக்கணக்கில் எடுப்பதாயின் ஓப்செற்றும் மலிவு; இரண்டுக்கும் விலை கேளுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும் என்பதால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஏ5 அட்டை முழுவதையும் நிரப்பும் படத்துக்கு ஏறத்தாழ 1750 க்கு 2480 புள்ளிகள் வேண்டும். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தால் முகம் கலங்கும். பழைய திருமணப் படத்தைக் கைபேசியில் எடுக்காமல் ஸ்கான் செய்விப்பது பலன் தரும்.

நீங்கள் கைபேசியில் தட்டச்சு செய்வது யுனிகோட். பல அச்சகங்கள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பக்கம் அமைக்கின்றன. மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘கௌ’ போன்றவையும் மேற்கோள் குறிகளும் சிதைந்துவிடும். எனவே திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல், தாளில் அச்சிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கி, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆசிரியரிடம் பிழைதிருத்தக் கொடுங்கள். குடும்பத்தவரின் கண்ணுக்குச் சொந்தப் பெயரின் பிழை தெரிவதில்லை. நன்றி நவிலலில் மறந்துபோகிறவர்கள் பெரும்பாலும் குழி வெட்டியவர்களும், கடைசி மாதங்களில் பராமரித்த தாதியும், நன்மை கொண்டுவந்து கொடுத்தவருமே.

மலர் வெளிவந்த பின் அதன் பிடிஎப் கோப்பை அச்சகத்திடம் கேட்டு வாங்குங்கள். ஈழத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் நினைவு மலர்களையும் சேகரிக்கிறது. ஒரு பிரதியை அங்கு கொடுத்தால் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் தேடி எடுக்கலாம்.

7. கல்லறை கட்டுதல்

மண் இறுகும் முன் சிமெந்து போட்டால் வெடிக்கும். நம் பகுதியில் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மாரியைத் தாண்டவிட்டு, பெப்ரவரிக்குப் பின் வேலையைத் தொடங்குவது சிறந்தது. அதுவரை பெயர் எழுதிய மரச்சிலுவை போதும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றுக்குச் சேமக்காலையில் வரம்பு இருக்கலாம் என்பதால் பங்குத்தந்தையின் அனுமதியை எழுத்தில் பெற்ற பின்னரே மேசனுக்கு முற்பணம் கொடுங்கள். கடற்காற்றில் இரும்புச் சிலுவையும் கம்பி வேலியும் விரைவில் துருப்பிடிக்கும்; கருங்கல் பலகையில் ஆழமாக வெட்டிய எழுத்து, மாபிளில் வர்ணம் தீட்டிய எழுத்தைவிட நீண்டகாலம் நிற்கும். எழுத்து வெட்டுபவருக்கு வாய்ச்சொல்லாக எதையும் சொல்லாமல், அச்சிட்ட தாளில் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அம்மாவின் பெயருக்கு இடம் விடுவதா என்ற கேள்வியை மேசன் அம்மாவின் முன்னிலையில் கேட்டுவிடுவார். முன்பே பேசி வையுங்கள்.

8. ஆண்டு நினைவும் நவம்பரும்

முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு 31ஆம் நாளளவு கூட்டம் வராது; வீட்டாரும் அன்பியத்தாரும் (பங்கின் அயலவர் செபக் குழுவினரும்) போதும். கல்லறையை மந்திரிப்பதை (ஆசீர்வதிப்பதை) அதே நாளில் வைத்துக்கொண்டால் குருவானவரை இருமுறை அழைக்க வேண்டியதில்லை.

நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலையைச் சந்தித்து இறந்தோருக்காக மன்றாடுவோர், பாவசங்கீர்த்தனம், நன்மை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளுடன் அவர்களுக்காகப் பரிபூரண பலனை (பாவத் தண்டனையின் முழு மன்னிப்பை)ப் பெறலாம். அது மாரி தொடங்கியிருக்கும் காலம் என்பதால், புல் வெட்டுதல், வெள்ளையடித்தல் ஆகியவற்றை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடியுங்கள். கடைசி வாரத்தில் கூலியாட்கள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கூலி இரட்டிப்பாகும். கல்லறைகளை மந்திரிக்கும் நேரத்தை ஞாயிறு அறிவித்தலில் கேட்டுக்கொண்டு, மழைக்கு மெழுகுதிரி அணையாதிருக்கக் கண்ணாடிக் கூடு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.